அவர் ஓடி வந்த விதம்

2006ஆம் ஆண்டு, மார்ச் மாதக் கடைசி. ஒஸ்லோவில் நடைபாதை ஓரங்களில் பனி கறுத்துப்போய்க் குவிந்துகிடந்த நாட்கள். மோர்டென்ஸ்ருட்டில் நான் வேலை செய்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் தொலைபேசியில் அழைத்தார். வேலை நேரத்தில் அவர் அழைப்பதே இல்லை.

"உம்மடை ஆள் போயிட்டாராம்" என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் "உம்மடை ஆள்" என்றால் ஒருவர்தான்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். வேகப்பந்து வீச்சாளர். பெயர் எழுதவில்லை, அவர் வீட்டாருக்கு அது பிடிக்காது. அவர் பந்தைக் கையில் எடுத்தால் கச்சான் கடலை விற்கிறவர்கூட விற்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அப்போது எனக்குப் பத்து, பதினொரு வயது. என் சின்னம்மா வீட்டு வளவின் பின்பக்கத்தில் தகர வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் மைதானம். தகரத்தில் இருந்த ஓர் ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நான் பார்த்த கிரிக்கெட்தான் என் கிரிக்கெட். பார்த்துவிட்டு வந்து, வீட்டுச் சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து அவரைப் போலவே ஓடி ஓடிப் போட்டுப் பார்ப்பேன். இரண்டு வருடம் அப்படி ஆடினேன். பிறகு நான் பெரியபிள்ளை ஆனதும் அம்மா பந்தை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். அதோடு முடிந்தது.

நாங்கள் நோர்வேக்கு வந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் அவரும் இதே நகரத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது. ரொம்சோஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. வலது தோள் கெட்டுப்போய்விட்டதாகச் சொன்னார்கள். கிரிக்கெட் பற்றி யாராவது எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவாராம். நான் அவரை இரண்டு முறை நேரில் பார்த்தேன். கோவிலில் ஒருமுறை, தமிழ்க் கடையில் வரிசையில் நிற்கும்போது ஒருமுறை. இரண்டு முறையும் எனக்கு நாக்கு எழும்பவில்லை. நாற்பது வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், கையில் ஒரு கட்டு வெங்காயத்தாளோடு வாயடைத்து நின்றேன். அவர் "முதல்ல நீங்கள் போங்கோ" என்று சொல்லி எனக்கு வழி விட்டார். அவரோடு எனக்கு நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பு.

இறுதிக் கிரியை அன்று மண்டபம் கொள்ளாத சனம். பழைய மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். ஒரு பெரிய போட்டியில் அவர் ஏழு விக்கெட் எடுத்தார் என்று முதலில் பேசியவர் சொன்னார். அடுத்தவர் அதே போட்டியில் எட்டு என்றார். மூன்றாமவர் ஒன்பதாக்கினார். எல்லோரும் உண்மையாகவே அழுதார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மனைவி மட்டும் முன்வரிசையில், பிறத்தியாருடைய கதையைக் கேட்பவரைப் போல அமைதியாக இருந்தார்.

அதற்குக் காரணம் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்றுதான் எனக்கு விளங்கியது. ரொம்சோஸ் வீட்டில் ஆண்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து மறுபடியும் கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி, அந்த அக்கா, அவர்கள் நடுவில் நின்றுவிட்டார்.

"நான் அவரைக் கலியாணம் கட்டினது எண்பத்தாறிலை. அப்பவே தோள் ஏலாது. ஒரு பந்துகூட அவர் போட நான் பாக்கேல்லை. படமெல்லாம் இடம்பெயரேக்கை போயிட்டுது. எப்பிடித்தான் போடுறவர், ஆராவது ஒருக்காக் காட்டுங்கோவன்."

ஒருவர் எழுந்து வலது கையைச் சுழற்றிக் காட்டினார். "உப்பிடி இல்லையடாப்பா, கை காதோடை ஒட்டி வரும்" என்று இன்னொருவர் எழுந்தார். மூன்றாமவர் ஓடிக் காட்டப் போய் மூலையில் நின்ற விளக்கைத் தட்டி விழுத்தினார். ஆளுக்கொரு விதம். அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்துவிட்டது. அக்கா சிரிக்க முயன்றார். பிறகு வெறும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றையும் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நான் காட்டுறன் அக்கா" என்றேன்.

"நீங்களோ?"

"ஓம். எனக்குத் தெரியும். இப்ப ஏலாது. எனக்குக் கொஞ்ச நாள் தாங்கோ."

"முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடிய நான் பேர்கனுக்குப் போறன் தங்கச்சி. மகள் அங்கை ஆஸ்பத்திரியிலை வேலை. இந்த வீட்டையும் விடுறம்."

"அதுக்கு முதல் காட்டுறன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று திரும்பி வரும்போது ரயிலில் இருந்து யோசித்தேன். பந்தைத் தொட்டு முப்பது வருடம். வயது நாற்பத்திமூன்று. முதியவர்களைத் தூக்கி இறக்கி இடுப்பும் பலமில்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அந்த அறையில் இருந்த ஆண்கள் எல்லோரும் அவர் போடுவதைப் பார்த்தவர்கள். அவரைப் போலப் போட்டுப் பழகியவள் நான் ஒருத்திதான்.

அடுத்த நாளே தொடங்கினேன். எங்கள் கட்டடத்துக்குக் கீழே கார்கள் நிறுத்துகிற நீளமான நிலவறை இருக்கிறது. பகலில் கார்கள் வேலைக்குப் போய்விடும். காலை வேலை முடித்து மூன்றரைக்கு வந்ததும் சப்பாத்தை மாற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். முதல் நாள் ஆறு தரம் ஓடினேன். இரண்டாம் நாள் கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை.

என் கணவர் முதுகுக்கு மருந்து தடவிக்கொண்டே, "உமக்கு என்ன விசரே? ஒரு பேச்சுக்குச் சொன்னதெண்டு அந்த மனுசி விளங்கிக்கொள்ளும்" என்றார்.

"நான் பேச்சுக்குச் சொல்லேல்லை" என்றேன். மூன்றாம் நாள் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையை அவரே கழுவிவிட்டு வந்தார்.

எங்கள் கட்டடத்தில் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஒரு இளம் பொறியியலாளர் இருந்தார். சனி ஞாயிறுகளில் கிரிக்கெட் ஆடுகிறவர். ஒருநாள் காரை நிறுத்த வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். விஷயத்தைச் சொன்னதும் மேலே ஓடிப்போய்த் தன் வீடியோ கேமராவைக் கொண்டுவந்து நான் போடுவதைப் படம் பிடித்தார். பிடித்ததைச் சின்னத் திரையில் போட்டுக் காட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

"ரன்னப் சூப்பரா இருக்குக்கா. நிஜமாவே ஒரு பவுலர் வர்ற மாதிரி இருக்கு. ஆனா கடைசியில, பந்தை விடற இடத்துல ஒண்ணுமே இல்லையே. லெட்டரைப் பெட்டியில போடற மாதிரி போடறீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தத் தம்பி சொன்னது சரி. ஓட்டம் அந்த வேகப்பந்து வீச்சாளருடையதேதான். முதல் நான்கு அடி குறுகலாக, பிறகு நீளமாக, தலை அசையாமல், சத்தமே இல்லாமல். கடைசி இரண்டு அடியில் அது யாருடையதும் இல்லை.

அப்போதுதான் முப்பது வருடமாக எனக்கே தெரியாமல் இருந்த ஒன்று உறைத்தது. போட்டி நடக்கும் நாட்களிலெல்லாம் துடுப்பாட்டக்காரருக்குப் பந்து தெளிவாகத் தெரிவதற்காக, பந்து வீசுபவருக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் திரை ஒன்றைக் கட்டுவார்கள். அந்தத் திரை என் தகர ஓட்டைக்கு முன்னால், மைதானத்தின் நடுப்பகுதியை மறைத்துக்கொண்டு நின்றது. அவர் திரைக்கு ஒரு பக்கமாக, எல்லைக் கோட்டருகிலிருந்து புறப்பட்டு ஓடுவதை நான் பார்ப்பேன். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடுவார். அதன்பின் எனக்குக் கேட்டது சனத்தின் சத்தம் மட்டும்தான். பந்தை அவர் கையிலிருந்து விடும் கணத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை! மிச்சத்தை நானே கற்பனை செய்து நிரப்பி, அதையே பார்த்ததாக இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். செத்த வீட்டில் விக்கெட்டை ஒன்பதாக்கியவரைப் பார்த்து மனதுக்குள் சிரித்தவள் நான்.

அக்காவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை. அவரை முன்னாலிருந்து பார்த்த ஒருவர் எனக்கு வேண்டும்.

அப்படி ஒருவர் ஒஸ்லோவில் இருந்தார். எதிர்ப் பள்ளிக்கூடத்தின் தொடக்கத் துடுப்பாட்டக்காரர். ஒரு போட்டியில் அவருடைய பந்து பட்டு இவருக்குத் தாடை உடைந்தது. அதன்பிறகு இவர் கிரிக்கெட்டே ஆடவில்லை. இப்போது டாக்சி ஓட்டுகிறார். செத்த வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை என்றுதான் எல்லோரும் கதைத்தார்கள்.

சனிக்கிழமை மத்திய ரயில் நிலையத்துக்கு முன்னால் டாக்சிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் போனேன். மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டி, யார் என்று சொல்லி, எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன்.

"அந்த ஆளை மறக்கத்தான் நான் முப்பது வருசமாப் பாடுபடுறன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

நான் போகவில்லை. வரிசை நகர்ந்தபோது காரோடு சேர்ந்து நானும் நகர்ந்தேன். மூன்று கார் தூரம் அப்படி நகர்ந்திருப்பேன். கடைசியில் பக்கத்துக் கதவு திறந்தது. "ஏறுங்கோ பிள்ளை, நனைஞ்சு சாகப் போறீங்கள்" என்றார்.

நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோவம் எண்டு சனம் நினைக்குது. கோவமெல்லாம் எப்பவோ போயிட்டுது. பத்து வருசமா அவரை இஞ்சை கண்டிருக்கிறன். கடையிலை, பஸ்ஸிலை. அவர் என்னைக் கண்டால் தலையைக் குனிஞ்சுகொண்டு போவார். நானும் மற்றப் பக்கம் பாப்பன். ஒருநாளைக்குப் போய்க் கதைப்பம், கதைப்பம் எண்டு இருந்தனான். பிறகு எந்த முகத்தோடை செத்த வீட்டுக்கு வாறது?"

என்னுடைய வெங்காயத்தாள் கதையைச் சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு மழையையும் பார்க்காமல் காரை விட்டு இறங்கி, டாக்சி வரிசைக்குப் பக்கத்திலேயே நின்று காட்டினார்.

"இடக்கைதான் முதல் மேலை போகும். உயரத்திலை இருக்கிற கொப்பு ஒண்டை எட்டிப் பிடிக்கிற மாதிரி. அந்தக் கைக்குப் பின்னாலை முகம் மறைஞ்சிடும். கை இறங்கேக்கை ரெண்டு கண் தெரியும். கண் தெரிஞ்சா, பந்து வந்திட்டுது எண்டு அர்த்தம்."

அன்றிலிருந்து அந்த அண்ணை தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு கிழமையில் நான்கு நாள் நிலவறைக்கு வந்தார். மற்ற முனையில் வெறுங்கையோடு நிற்பார். நான் ஓடிவந்து போடுவேன். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுவார். "எனக்கு இன்னும் பயம் வரேல்லை" என்பார். அதுதான் அவருடைய அளவுகோல். சென்னைத் தம்பி படம் பிடித்துக் காட்டுவார். நான் திருத்துவேன். முழங்கால் வீங்கியது. வேலையிடத்தில் கேட்டவர்களுக்கு மாடிப்படியில் விழுந்தேன் என்று பொய் சொன்னேன். ஒருநாள் மாலை, எத்தனையாவது தடவை என்று நினைவில்லை, நான் கையை இறக்கியபோது அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். கை தன்பாட்டில் தாடைக்குப் போயிருந்தது.

"இப்ப வந்தது" என்றார்.

முப்பத்தோராம் நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரல் கடைசி. நகரத்தின் மேட்டுப்பக்கம் கிரிக்கெட் ஆடுகிற ஒரு புல்வெளி இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கரைந்திருந்தாலும் மரநிழல் விழுந்த பக்கத்தில் பனி கட்டியாகக் கிடந்தது. பந்து வீசும் பாதையிலும் ஈரப்பனி. என் கணவரோடு சேர்த்து நாங்கள் நான்கு பேரும் காலையிலேயே போய்ச் சவளால் அள்ளித் தள்ளினோம். சென்னைத் தம்பி தன் குழுவின் பாய் விரிப்பைக் கொண்டுவந்து விரித்தார். நாங்கள் பெரிதாக யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு பழைய ரசிகர்கள் தடித்த ஜாக்கெட்டும் தேநீர்ப் போத்தலுமாக வந்துவிட்டார்கள். விளக்கைத் தட்டி விழுத்தியவரும் வந்திருந்தார். மற்ற முனையில் டாக்சி அண்ணை காலுக்குக் காப்புக் கட்டி, தலைக்கவசம் போட்டு, கையில் துடுப்போடு நிற்பதைக் கண்டதும் அவர்கள் பேச்சு நின்றது.

அக்கா கறுப்புக் கோட்டோடு வந்தார். நடுவர் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவரை நிற்க வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் ஓட்டமும் தெரியும், கையும் தெரியும்.

முதல் பந்துக்கு ஓடினேன். கால் சறுக்கி இரண்டு முழங்காலும் தரையில் அடிபட விழுந்தேன். ஒருவர் ஓடிவந்து தூக்கினார். "போதும் தங்கச்சி. நீங்கள் இவ்வளவு செய்ததே பெரிய காரியம்" என்றார். சேற்றைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். இரண்டாவது பந்து கையை விட்டு எங்கேயோ பறந்து பனிக்குவியலுக்குள் போய்ப் புதைந்தது. அதை எடுத்துவர ஆள் போன நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் விட்டுவிடுவேன் என்று தெரியும்.

மூன்றாவது தரம் ஓடியபோது ஒன்றும் நினைக்கவில்லை. நான்கு குறுகிய அடி. பிறகு நீளம். இடக்கை மேலே போனது. அது இறங்கும்போது எதிரே டாக்சி அண்ணையின் கண்ணைப் பார்த்தேன்.

பந்து ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு தரம் குத்தி, மெதுவாக அவர் பக்கத்தால் உருண்டு போனது. அவர் அதை அடிக்கவில்லை. துடுப்பைத் தரையில் வைத்துவிட்டு அசையாமல் நின்றார். பின்னால் யாரோ ஒருவர், "கடவுளே, உதுதான், உதேதான்" என்றார். அன்று எவரும் வாக்குவாதப்படவில்லை.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னொருக்காச் செய்யுங்கோ" என்றார்.

செய்தேன். இன்னொரு முறையும் கேட்டார். அதையும் செய்தேன். பிறகு அவர் என்னிடம் நடந்து வந்து என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, உது எனக்குத் தெரியும்" என்றார். "எங்கடை வீட்டு ஜன்னலாலை பாத்தால் பஸ் தரிப்பிடம் தெரியும். விடிய வேலைக்குப் போகேக்கை எப்பவும் கடைசி நிமிசத்திலைதான் வெளிக்கிடுவார். அந்த இறக்கத்திலை உப்பிடித்தான் ஓடுவார். முதல் சின்னச் சின்ன அடி. பிறகு எட்டி. கிட்டப் போனதும் உந்த இடக்கை மேலை போகும், பஸ்காரனுக்குக் காட்ட. பனிக்குள்ளை விழுந்து முறிக்கப் போறார் எண்டு நான் ஒவ்வொரு நாளும் ஏசினனான்."

என் மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை. "பதினெட்டு வருசம். நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறன்."

அவர் சத்தமாக அழுதார். மண்டபத்தில் அழாத அழுகை அது. அழுதுகொண்டே சிரித்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி டாக்சி அண்ணை வந்து நின்று, தான் யார் என்று சொன்னார். அக்கா அவருடைய தாடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களைப் பற்றி ஒருநாள் கதைச்சவர்" என்றார். "கிரிக்கெட்டைப் பற்றி அவர் என்னோடை கதைச்சது அந்த ஒரு கதைதான்." என்ன கதைத்தார் என்பதை அவர்கள் இருவரும் தள்ளிப்போய் நின்று பேசினார்கள். நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் கேட்டால் போதும் என்று நாங்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினோம்.

அக்கா சொன்னபடி பேர்கனுக்குப் போய்விட்டார். சென்னைத் தம்பி ஊருக்குத் திரும்பிவிட்டார். டாக்சி அண்ணையோடு இன்றைக்கும் தொடர்பு இருக்கிறது. மழைக்காலத்தில் என் முழங்கால் வலிக்கும். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. வாழ்நாளில் நான் போட்ட ஒழுங்கான பந்துகள் மூன்றே மூன்றுதான், மூன்றும் இன்னொருவருடையவை.

எல்லோரையும் விட அவரை எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று முப்பது வருடம் நினைத்திருந்தேன். என்னிடம் இருந்தது திரைக்கு இந்தப் பக்கம் மட்டும்தான். இப்போதெல்லாம் செத்த வீடு ஒன்றுக்குப் போனால் "நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவதில்லை. போனவரைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்தது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அதை அந்த வீட்டாரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.